தண்ணீரைத் தொடாத படகு

2003ஆம் ஆண்டு ஆடி மாதம். மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் ஃபெக்டரி ஃபிட்டர் நல்லமுத்துவின் பாய்ப்படகைக் கவிழ்த்துப் போட்டு அளந்துகொண்டிருந்தேன். கையில், கொழுந்து பறிக்கும் பெண்கள் செடிமேல் மட்டம் பார்க்கக் கிடத்தும் மட்டக்கம்பு. தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் நான்; தோட்டத்துப் படகுப் போட்டிக்கு விதி எழுதியவனும் நான், அளப்பவனும் நான். இரண்டு வருடமாகக் கோப்பை வாங்கியதும் என் படகுதான்.

நீளம் பதினொரு அடி. பாய் எழுபது சதுர அடி. எல்லாம் சரியாக இருந்தன. அதுவே எனக்குக் கசந்தது. ஆனால் அடிப்பலகைக்குக் கீழே, நீண்ட கால்களில் பொருத்திய இரண்டு இறக்கைகள். ஃபெக்டரியில் கழித்துப் போட்ட விசிறித் தகட்டைத் தேய்த்துச் செய்திருந்தான். தோட்டத் துரை பங்களாவில் ஏதோ சஞ்சிகையில் படம் பார்த்தானாம். வேகம் பிடித்தால் படகு நீரைவிட்டு எழும்பும். ஒரு ஃபிட்டருக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? போன வாரம் அவன் ஒத்திகை ஓட்டியதைப் பார்த்த அன்றே, பன்னிரண்டாம் விதியைத் தட்டச்சு செய்து கரையோரக் கோவில் சுவரில் ஒட்டிவிட்டேன்: ‘படகின் உடலைத் தாண்டி எந்தப் பாகமும் நீருக்குள் நீண்டிருக்கக் கூடாது.’

“நீட்டிக்கிட்டு இருக்கு. ஓட விட முடியாது,” என்றேன்.

நல்லமுத்து எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தான். “சரிங்க கிளாக்கரய்யா. ஒங்க படகுச் சுக்கான் தண்ணிக்குள்ள போகாம மேலயா மெதக்குது?”

கரையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சுக்கானை நான் யோசிக்கவே இல்லை. அந்த விதிப்படி எந்தப் படகும் தேறாது.

என் மனைவி ஜெயந்தினி கிட்டே வந்து மட்டக்கம்பை வாங்கிக்கொண்டாள். “மட்டத்துக்கு மேல வந்த கொழுந்த ஒடிக்கத்தாங்க இது. மனுசன் மேல வந்தாலும் ஒடிப்பீங்களா? பேசாம அந்த விதிய அடிங்க.”

எல்லோர் முன்னாலும் கோவில் சுவரிலிருந்த தாளில் பன்னிரண்டாம் விதியைப் பேனாவால் அடித்தேன். ஓரத்தில் கையெழுத்தும் திகதியும் இட்டேன்.

போட்டி தொடங்கியது. முதல் வளைவுவரை நான்தான் முன்னால். பிறகு அணைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்த நீர்ச்சத்தம் சட்டென்று நின்றது. கவிழ்ந்துவிட்டான் என்று நினைத்தேன். நெஞ்சு லேசாயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

சத்தமே இல்லாமல் அவன் என் பக்கத்தில் வந்தான். படகின் வயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளி வழியே கரை தெரிந்தது. கரையில் ஜெயந்தினி, வாயைப் பொத்திக்கொண்டு, அவன் போகிற பக்கமே முகத்தைத் திருப்பியபடி.