பெட்டியின் மேல் பச்சைப் பொட்டலம்

கோ பெய்ஜுன் மூன்று வருடத்தில் மூன்று மின்சுற்று போர்டு வரைந்திருந்தாள். முதலாவது சூடானது. இரண்டாவது சூடாகவில்லை, வேறு எதையும் செய்யவும் இல்லை. மூன்றாவது ஒழுங்காக வேலை செய்தது, ஆனால் தைவானின் ஷின்ஜூ நகரில், அவர்களுடைய ஐந்தாவது மாடி ஆய்வுக்கூடத்தில் மட்டும்.

அது மீன்குளத்துக் கம்பத்தில் மாட்டும் பெட்டிக்கான போர்டு. பெட்டி சோப்புக்கட்டியை விடக் கொஞ்சம் பெரிது. குளத்து நீரில் பிராணவாயு குறைந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். அந்தச் சத்தத்தைப் பெட்டிக்குள் இருக்கும் சில்லு கேட்கும். மழையா, கொக்கா, மீனா என்று தானே முடிவு செய்யும். மீன்தான் என்று தெரிந்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ரேடியோவில் சேதி அனுப்பும். சில வருடங்களுக்கு முன் இதற்கு மேஜை நிறைய ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. இப்போது நகத்தளவுச் சில்லும் இரண்டு பென்சில் பேட்டரியும் போதும், ஒரு வருடம் ஓடும்.

திங்கட்கிழமை அதைத் தெற்கே கடலோரத்துப் புடாய் வரை கொண்டுபோய்க் குளக்கரையில் மாட்டிப் பார்த்தார்கள். சேதி முந்நூறு மீட்டர் போனது, அதற்கு மேல் போக மறுத்தது. திரும்பக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோர மேஜையில் பழைய இடத்திலேயே வைத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மொட்டை மாடியில் வைத்திருந்த, சேதி வாங்கும் ஏற்பிக்கு ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது.

டைரக்டர் ஃபான் கூச்சல் போடுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை புடாய் மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் ஓங் வந்து பார்க்கப் போகிறார், அன்றைக்குச் சேதி வீடு போய்ச் சேராவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு பெய்ஜுன் இரண்டாவது மாடி சார்ஜர் பிரிவுக்குப் போகலாம் என்று வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். சார்ஜர் பிரிவுக்குப் போனவர்கள் மேலே திரும்பி வந்ததாக அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் நினைவில்லை. அங்கே காபி இயந்திரமும் கிடையாது.

போர்டுக்கு நிரல் எழுதும் தூ வெய்ஹான், குற்றம் போர்டில்தான் என்றான். பெய்ஜுன், குற்றம் நிரலில்தான் என்றாள். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தில் போய்க் கேட்டாலும் இந்த இரண்டு வாக்கியங்கள் கிடைக்கும். ஆனால் வெய்ஹானிடம் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது.

"அக்கா, பொட்டலத்தைக் கூட எடுத்துட்டுப் போலாம்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

பொட்டலம் என்றால் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம். தேங்காய் வாசனை. அதன் பெயருக்கே சமத்தாக இரு என்றுதான் அர்த்தம், மேலே வைத்தால் இயந்திரமும் சமத்தாக ஓடும் என்பது நம்பிக்கை. தைவானில் அது உட்காராத இயந்திரம் குறைவு. பேங்கில் பணம் தரும் இயந்திரத்தின் மேல் இருக்கும், போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மேலும் இருக்கும். பச்சை மட்டும்தான் ஆகும், மஞ்சளையும் சிவப்பையும் வைத்தால் இயந்திரம் நின்றுவிடும். காலாவதித் தேதி தாண்டக் கூடாது. தின்னக் கூடாது, நகர்த்தக் கூடாது. பெரிய இயந்திரத்தில் அது ஒரு மூலையில் கிடக்கும். இந்தச் சின்னப் பெட்டியையோ முழுசாக மூடிப் படுத்திருந்தது.

பெய்ஜுனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்பதற்காக அதை ஒருநாளும் நகர்த்தியதும் இல்லை. அதைச் சுற்றியே கையை வளைத்து அளவெடுத்துப் பழகியிருந்தாள். புடாய் கிளம்பிய அன்றைக்கு மட்டும், நாம் போவது வேலைக்கு, கோயிலுக்கு இல்லை என்று சொல்லி அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும் வெய்ஹான் முதல் வேலையாக அதை மறுபடி பெட்டி மேல் ஏற்றி வைத்தான்.

இப்போது அவளுக்குச் சுருக்கென்று வந்தது.

"என் போர்டுலதான் குத்தம்னு நிரூபிச்சுக் காட்டு. அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு நானே தின்னுடறேன்."

விசைப்பலகை தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புதன்கிழமையோடு பொட்டலத்தின் தேதி முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் வெய்ஹான் மறந்து ஒருவரும் பார்த்ததில்லை. காலை பத்து பத்துக்குப் பழையதை மரியாதையாக எடுத்துக்கொண்டு புதியது வாங்கக் கீழே போனான். கீழ்க் கடையில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. மஞ்சளை அவன் கையால் தொடவும் மாட்டான், அதனால் அடுத்த தெருவுக்கு நடந்தான்.

பத்து பதினொன்றுக்கு அக்கரைக்குச் சேதி போவது நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. பெய்ஜுன் வழக்கம்போல் நிரலைத் திட்டினாள், அப்புறம் லிஃப்ட் மோட்டாரைத் திட்டினாள். பத்து நாற்பத்து மூன்றுக்கு வெய்ஹான் திரும்பி வந்து புதுப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். சேதி மறுபடி போகத் தொடங்கியது.

அவள் திரையைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் தூக்கினாள். சேதி நின்றது. வைத்தாள், போனது. பதினோரு தடவை செய்தாள். பன்னிரண்டாவது தடவை தூக்கும்போது ஈரக்கையோடு வாசலில் நின்ற வெய்ஹான் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

விஷயம் எளிது. பேட்டரி மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்ற அளவுக்கு மாற்றும் பாகம் ஒன்று போர்டில் உண்டு. சந்தைக்கு வந்து நாலே மாதமான, அரிசி அளவுப் பாகத்தை அவளே பெருமையோடு தேர்ந்தெடுத்து, இடத்தை மிச்சம் பிடிக்க ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அது போட்ட மின் இரைச்சலில் ரேடியோ தன் குரலையே தொலைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அந்த இரைச்சலை விழுங்கியது பொட்டலத்தின் உள்பக்கத்து வெள்ளிப் பூச்சு. ஆறு மாதமாக அவள் எழுதிவைத்த அளவு ஒவ்வொன்றும் போர்டும் பொட்டலமும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண். பொட்டலத்தைப் பற்றி எந்தக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை. மேஜை விளக்கைப் பற்றி யார் எழுதுவார்கள்?

குற்றம் போர்டில்தான்.

போர்டைத் திருத்தி வரைந்து செய்து வாங்க மூன்று வாரமாகும். கையில் இருந்தது இரண்டு நாள். செம்பு நாடா ஒட்டிப் பார்த்தாள், சமையல் அலுமினியத் தாளை வெட்டி வைத்துப் பார்த்தாள். அவை இரைச்சலோடு சேர்த்துச் சேதியையும் மறித்தன. பொட்டலத்தின் பூச்சுதான் இரைச்சலை விழுங்கிச் சேதியை விடும் அளவுக்கு மெலிதாக இருந்தது. அதை வெட்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெட்ட வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் உள்ளே இருப்பதை என்ன செய்வது என்பதை அவளே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

பத்து வருட வேலையில் பச்சையை அவள் ருசித்ததே இல்லை. தேங்காயும் வெண்ணெயும் கலந்த வாசனை. கொஞ்சம் இனிப்பு. நன்றாகவே இருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வெய்ஹான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"நீங்க முதல் வாய் வச்சதும் மூணாவது மாடி சர்வர் நின்னுபோச்சாம்க்கா."

"பொய்."

"பொய்தான். ஆனா நிக்கலாமில்ல?"

வெள்ளிக்கிழமை புடாயில் உப்புக்காற்று. ஓங்குக்கு எழுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, யாரையும் நம்பாத முகத்தோடு நின்றார். ஒரு கோடையில் ஒரே விடியலில் இரண்டு குளத்துப் பால்மீனும் செத்து மிதந்ததைப் பார்த்தவர் அவர். ஃபான் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். வெய்ஹான் குந்தி உட்கார்ந்து, மீன்கள் மூச்சுக்குத் திணறும் பதிவை ஒலிபெருக்கியில் தண்ணீரோரம் ஒலிக்க விட்டான். பெட்டி கேட்டது. யோசித்தது. ஓங்கின் போன் அடித்தது. வீட்டில் என்னமோ கத்துகிறது, முதலில் அதை நிறுத்தச் சொல்லு என்று அவர் மனைவி கோபப்பட்டாள்.

ஓங் தலையாட்டவில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ஃபான் அவசரமாக, உள்ளே பார்க்க ஒன்றுமில்லை என்றார். ஓங் அதைக் காதில் வாங்காமல் தானே மூடியைத் திருகினார். போர்டின் மேல், ஓரம் கத்தரித்த பச்சைத் தாள். பெய்ஜுனுக்குச் சார்ஜர் பிரிவின் வாசல் கதவு கண்ணில் தெரிந்தது.

கரை நெடுக நிற்கும் அவருடைய, குளத்து நீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களின் மோட்டார் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பொட்டலம் கட்டியிருந்ததை அதுவரை அவள் கவனிக்கவில்லை. ஓங் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தேதி எது வரைக்கும்?"

வெட்டும்போது தேதி இருந்த மூலையை ஏன் விட்டுவைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"வர்ற மார்ச் வரைக்கும் இருக்குங்க."

"அப்ப சரி. நானூறு பெட்டி அனுப்புங்க."

நான்காவது போர்டில் அந்தப் பாகத்தை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்து, மேலே உலோக மூடி போட்டாள். எந்தத் தாளும் இல்லாமலேயே சேதி இரண்டு கிலோமீட்டர் போனது. பதினோரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் பாகங்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து ஃபானிடம் கொடுத்தாள். கடைசி வரியில் பச்சைத் தாள், ஒன்று, தேதியோடு என்று இருந்தது.

ஃபான் இது தேவையா என்று கேட்டார். தேவையில்லை என்றாள். வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார். வைத்ததை நகர்த்திய ஆள் என்ற பெயர் தனக்கு எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.