எது மேல்?

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட மேசை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு அவர் பொறுப்பு. தரை துடைக்கிற மாப்பு வாங்குவதென்றாலும் நாலு கடையில் விலை கேட்பார். பிடியின் நீளம், நூலின் தரம், பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டு, அது மேலிடத்துக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்புவதற்குள் தரை தானாகவே காய்ந்திருக்கும். ஆனால் அவர் வாங்கிய எதுவும் சோடை போனதில்லை. அலுவலகத்தில் இதற்குப் பாராட்டு கிடைத்தது.

வீட்டில் கிடைத்தது வேறு. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரையும் நாயையும் குறிவைத்துப் போகும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. சாயங்காலம் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொள்வாள்.

"நாள் முழுக்க பிரேக்கை மிதிச்சிட்டு வரேன். வீட்டுக்கு வந்தா இங்க ஒரு பிரேக்கு உக்காந்திருக்கு" என்பாள்.

அவரும் சேர்ந்து சிரிப்பார். தன்னைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தே சிரிப்பார். அந்தப் பெருந்தன்மை அவருக்கு உண்டு.

அவள் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஏதாவது ஒரு ஏரிக்கரையில் தூங்கி எழுந்து, கண்ணைத் திறந்ததும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். முதலில் சொன்னபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருமாகப் போவதாகத் திட்டம். இப்போது மகள் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, தோழிகளோடு மலை, காடு, கடல் என்று எல்லாம் சுற்றி முடித்துவிட்டாள். அப்பா இன்னும் கூடாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கூடாரங்கள் அப்படி. தரையில் அடிக்கிற கூடாரம் எளிது. ஆனால் கல் குத்தும், ஈரம் ஏறும், எறும்பு வரும். காரின் கூரை மேல் பொருத்துகிற கூடாரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மெத்தை உள்ளேயே இருக்கும், கொக்கியைக் கழற்றினால் விரிந்துகொள்ளும், ஏணி வைத்து ஏறிப் படுக்க வேண்டியதுதான். ஆனால் கனத்தைக் கூரை தாங்க வேண்டுமே. நிற்கிற காரின் கூரை தாங்கும் எடை வேறு, ஓடுகிற காரின் கூரை தாங்கும் எடை வேறு என்று எங்கேயோ படித்த பிறகு பல நாள் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தலையில் சுமை ஏறினால் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், வளைவில் ஆடும். பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் படுக்கை அறையை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சரி, கூரைக் கூடாரம்தான் என்று வைத்துக்கொண்டாலும் துணியா, கெட்டி மூடியா? துணியில் இடம் தாராளம், மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்து உலர்த்த வேண்டும். கெட்டி மூடி சட்டென்று திறக்கும், உள்ளே புரண்டு படுக்கப் பக்கத்தில் இருப்பவரின் அனுமதி வேண்டும். காரின் பின்னால் இழுத்துப் போகிற வண்டிவீடு இருக்கிறது. அதை ரிவர்ஸ் எடுப்பது மனைவிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே அதைப் பாதகத்தில் சேர்த்தார்.

ஒருநாள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, தலைக்கு மேல் போகிற குழாய்க்கும் கார் கூரைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"என்ன சார், பைப்பு ஒழுகுதா?" என்று கேட்டார் மாடிவீட்டுக்காரர்.

"இல்ல சார், டூர் போறோம்."

மாடிவீட்டுக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் லிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

இப்படியே இன்னும் பல காலம் போயிருக்கும். ஒரு காலை நேரம், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. போனா ரெண்டு பேரும் போவோம். இல்லன்னா நான் தங்கச்சியோட போயிட்டு வந்துடறேன்."

"அடுத்த மாசம் புது மாடல் ஒண்ணு..."

"இல்லங்க. கோவத்துல சொல்லல. இனிமே உங்கள கூப்பிடப் போறதில்ல, அவ்ளோதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. அவள் தலையணை உறையை நாலாக மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவாளே என்பதைவிட, கூப்பிட மாட்டேன் என்றாளே, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கூப்பிடுவதை நிறுத்திவிட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பொறுமைசாலி. காட்சிக்கு நிறுத்தியிருந்த காரில் ஏணி வைத்து, "ஏறிப் படுத்துப் பாருங்க சார்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மெத்தை சுகமாக இருந்தது. சுகமாக இருப்பதே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அங்கிருந்தபடியே படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். பிறகு எடை, காற்று, குழாய், மழை என்று செய்தி மேல் செய்தியாகத் தட்டினார். பதில் இல்லை. கீழே இன்னொரு வாடிக்கையாளர் ஏற வேண்டுமென்று காத்திருந்தார். கடைசியாக, "இதைவிடத் தரையில் படுப்பது எப்படி?" என்று கேட்டு அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "மேல்."

அவர் அதைப் பார்த்தார். மேல். வண்டி மேல். இத்தனை வருடத்துக் குழப்பத்தை இரண்டே எழுத்தில் முடித்துவிட்டாளே என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. விடுவிடுவென்று இறங்கி வந்து, "இதையே போட்டுடுங்க" என்றார்.

"வீட்ல யோசிச்சு சொல்றீங்களா சார்?" என்றார், காலையிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

தன் வாயிலிருந்தா இந்த வார்த்தை வந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

சாயங்காலம் மனைவி கீழ்த்தளத்துக்கு வந்து, தலையில் பெரிய பெட்டியோடு நின்ற காரைப் பார்த்தாள்.

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"நீங்களாவேவா?"

"வேற யாரு? நான்தான்."

அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஏணி இருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. எங்கே வைத்திருந்தாள் இதை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்குள் போனதும் தங்கைக்குப் போன் போட்டு, "நீ வர வேணாம்டி. இவரே முடிவு பண்ணி வாங்கிட்டாரு" என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள். அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

வெள்ளிக்கிழமை அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் கூரையில் காற்று கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. பெட்ரோல் முள் இறங்குவதையும் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்க அவருக்கு ஆன பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஏரிக்கரையில் வெயில் தாழ்ந்திருந்தது. காரைச் சமதரையில் நிறுத்தி, கொக்கிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். கூடாரம் சொன்னபடி விரிந்தது. பக்கத்தில் தரைக் கூடாரம் அடித்திருந்த ஒரு குடும்பம் வந்து வேடிக்கை பார்க்க, தலைகால் புரியாமல் அவர்களுக்குக் கூரை தாங்கும் எடையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பாதியிலேயே அவர்களுக்குத் தேநீர் வைக்கும் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"நான் ஏறிப் பாக்கறேன்" என்று மனைவி ஏணியில் காலை வைத்தாள். இரண்டு படி ஏறினாள். அடுத்த படிக்கு வலது காலை மடக்கி எம்பியபோது "அம்மா!" என்றாள். இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஏணியைப் பிடித்தபடி நின்றார். இத்தனை வருடமும் தராசில் கூரையை நிறுத்தார், காற்றை நிறுத்தார், பெட்ரோலை நிறுத்தார். தினமும் எதிரே நீட்டியிருந்து தைலம் மணத்த அந்தக் காலை எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனே! தரைதான் மேல்னு அனுப்பினேனே. ரவுண்டானா நடுவுல ஒருத்தர் வண்டிய ஆஃப் பண்ணிட்டாரு, சுத்தி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, அந்த நேரத்துலயும் அனுப்பினேன்." வலியோடு சிரித்தாள். "நீங்கதான் கேக்கல. ஆனா எனக்குக் கோவமே வரல தெரியுமா? நான் ஒண்ணு சொல்றேன், அத மீறி நீங்களா ஒண்ணு முடிவு பண்றீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவை. கால் என்ன கால், பல்லைக் கடிச்சிட்டு ஏறிடலாம்னு இருந்தேன்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். மேல். லகரத்தின் தலையில் புள்ளி கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தது. வண்டி மேலே என்றால் அவள் எப்போதும் 'மேல' என்றுதான் எழுதுவாள். அவர் கேட்டதோ இதைவிட அது எப்படி என்று. அதற்கு அவள் ஒழுங்காக 'மேல்' என்று பதில் சொல்லியிருக்கிறாள். ஒப்பந்தங்களில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் ஒரு புள்ளியில் கவிழ்ந்திருந்தார்.

சும்மா இருந்துவிட்டால் என்ன? அவளுக்குச் சந்தோஷம் மிஞ்சும், அவருக்கு மானம் மிஞ்சும். சொன்னால் இரண்டும் போகும். சாதகமெல்லாம் ஒரே தட்டில்தான் இருந்தது. ஆனால் வலிக்கிற காலோடு தன்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் எதையும் முடிவு பண்ணலம்மா. நீ மேல்னு போட்டதை வண்டி மேலன்னு படிச்சுட்டேன். நீ சொன்னேன்னுதான் வாங்கினேன்."

அவள் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டாள். "இவ்ளோ வருஷத்துல, நீங்களா ஒண்ணுகூட?"

அவர் விறுவிறுவென்று ஏணியில் ஏறினார். மெத்தை கூடாரத்தின் அடிப்பலகையோடு ஒட்டியிருந்தது. மூலையைப் பிடித்து இழுத்தார். பர்ரென்று சத்தம் வந்தது. பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அச்சடித்திருந்த அட்டையும் கூடவே கிழிந்து வந்தது. மெத்தையைச் சுருட்டி மேலிருந்து தள்ளினார். அது தொப்பென்று புழுதியில் விழுந்தது. இறங்கி வந்து, தண்ணீர் தெரிகிற பக்கமாக இழுத்துப் போய் விரித்தார்.

"என்னங்க பண்றீங்க? எறும்பு இருக்கும்."

"இருக்கும்."

"விடியறதுக்குள்ள பனியில நனைஞ்சிடும்."

"நனைஞ்சிடும்."

"புது மெத்தைங்க. வீணாப் போயிடும்."

"போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. வா, படு."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மெத்தையில் வைத்து, அவருக்கும் இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.