எதுனாலும் என்பவளின் பாத்தி

மகளிர் விடுதியின் பின்புறத் தோட்டத்தில் கடைசிப் பாத்தியில் இருந்த செடி, எதிரே வந்து நிற்பவர் எந்தக் காய்க்கு ஆசைப்படுகிறாரோ அந்தக் காயைக் காய்த்தது. அவரைக்காய் வேண்டுமென்று நின்றவருக்கு அவரை, தக்காளி வேண்டுமென்று நின்றவருக்குத் தக்காளி. காய் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் செடிக்கு விதை போட்டவர் என்று யாரும் இல்லை. தண்ணீர் ஊற்றியவள் ஒருத்தி உண்டு. அவளை விடுதியில் எல்லாரும் எதுனாலும் என்று கூப்பிட்டார்கள்.

பேர் வந்த கதை ஒன்றும் பெரிய கதையல்ல. அவள் விடுதிக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு வரிசையில் மாஸ்டர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சோறா ரொட்டியா என்று கேட்டார். எதுனாலும் சரி என்றாள். மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தன் சமையலை ஒருவரும் பாராட்டுவதில்லை என்ற மனக்குறை வேறு அவருக்கு நெடுநாளாக இருந்தது. "எதுனாலும்னு ஒரு பண்டம் நான் இன்னும் சமைக்கக் கத்துக்கலம்மா" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். அன்றே பேர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதற்கு வருத்தப்படவில்லை. எந்தக் கட்டில் வேண்டும் என்றபோதும் அதையே சொல்லி, கதவு வந்து இடிக்கும் கட்டிலை வாங்கியிருந்தாள். எந்தப் பாடம் என்று கேட்ட கல்லூரிக் குமாஸ்தாவிடமும் அதையே சொல்ல, புள்ளியியலில் இடம் காலியாக இருந்ததால் அவர் அங்கே போட்டுவிட்டார். மூன்று வருடமும் அதை நன்றாகத்தான் படித்தாள்.

அவளுக்கு வீடு இரண்டு. அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். அவள் பால்பல் விழத் தொடங்கியிருந்த வயதில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். பள்ளி நாட்களில் அம்மா வீடு, விடுமுறைக்கு அப்பா வீடு. அங்கே ஒரு பல்துலக்கி, இங்கே ஒரு பல்துலக்கி. இரண்டு வீட்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றில் மட்டும் ஒற்றுமை இருந்தது: அவள் வந்துவிட்டால் அடுப்பில் பாகற்காய் ஏறிவிடும். மகளுக்குப் பிடித்தது என்று இருவருக்கும் தெரிந்த ஒரே பண்டம் அது. அப்பா சோறு வடிக்கக்கூடத் தெரியாமல் தனிவீட்டுக்குப் போனவர். கையைச் சுட்டுக்கொண்டு அவர் முதன்முதலில் கற்ற சமையலும் பாகற்காய் வறுவல்தான். அவள் ஒவ்வொரு முறையும் தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

தோட்டம் பிறந்தது ஒரு சண்டையில். சாப்பாட்டைக் குறை சொல்லி மாணவிகள் எழுதிக் கொடுக்க, வார்டன் படித்துப் பார்த்துவிட்டு, பின்னால் உடைந்த கட்டில்களும் கான்கிரீட் துண்டுகளும் கிடக்கும் இடத்தைச் சுத்தம் செய்து நீங்களே வளர்த்துத் தின்னுங்கள் என்றாள். வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை அது. ஆனால் எதுனாலுமின் அறைத்தோழி ஒருத்தி இருந்தாள், சட்டம் படிப்பவள், எல்லாரையும்விட ஒரு தலை உயரம், நெட்டை என்று பேர். வார்டன் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மறுநாளே மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள். இடம் துப்புரவானதும் ஆளுக்கொரு பாத்தி பிரித்தார்கள். நெட்டை ஒரு விதியும் போட்டாள்: எதற்கு மிகவும் ஏங்குகிறோமோ அதைத்தான் நட வேண்டும், ஏன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் நட வேண்டும்.

சும்மா வேடிக்கையாகத் தொடங்கியது அது. போகப்போக வேடிக்கை குறைந்தது. முகப்பரு வருமென்று வீட்டில் மிளகாயே தராமல் வளர்த்தார்கள், இனி என் முகம் என் பாடு என்று ஒருத்தி மிளகாய் நட்டாள். தங்கை கேரட்டைக் கடிக்கும் சத்தம் தூங்கவிடாது, இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று இன்னொருத்தி கேரட் விதை தூவினாள். தான் இந்த ஊருக்கு வந்தபின் பேச்சையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டுவிட்டதாகவும், நாக்கு மட்டும் மாறாமல் அடம்பிடிப்பதாகவும் சொல்லி ஒருத்தி வெங்காயம் ஊன்றினாள். அதைக் கேட்டுப் பலர் தலையாட்டினார்கள். நெட்டைக்குக் கத்தரிக்காய். காரணம் கேட்டதற்கு, காரணம் என்ன காரணம், நல்லாருக்கும் என்றாள். எதுனாலுமின் முறை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கடைசிப் பாத்தி வெறுமனே கிடந்தது. ஆனாலும் மற்றவர்கள் ஊற்றும்போது அவளும் ஒரு வாளி ஊற்றினாள், வெற்று மண்ணுக்கு, தினமும்.

செடி முளைத்ததை முதலில் பார்த்தவர் மாஸ்டர். குழம்புக்கு முருங்கைக்காய் இல்லையே என்ற கவலையோடு பீடி பிடிக்கப் பின்பக்கம் போனவர், கைப்பிடி முருங்கைக்காயோடு திரும்பி வந்தார். இடுப்பளவுச் செடியில் முருங்கைக்காய் எப்படித் தொங்கும் என்று கேட்டதற்கு, தொங்கிச்சு, பறிச்சேன் என்றார். ஒரு வாரத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. மாஸ்டர் கூடையோடு வந்து கண்ணை மூடி நிற்பதும், அரை மனதோடு நின்றால் பாதி பழுத்ததே கிடைக்கும் என்பதும் விடுதிக்குப் பழகிப்போயின. ஒருநாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்து நின்றார். அன்று சாப்பாட்டுக்கூடம் முழுக்கப் பச்சைமிளகாய் நெடி. தாவரவியல் பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு வந்தார். அவர் வேண்டியது காய் அல்ல, விளக்கம். செடி பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோலவே ஒரு பூவைப் பூத்துக் காட்டி, அவர் போனதும் உதிர்த்தது. அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

எல்லாருக்கும் எதுனாலும் மேல் பிரியம் கூடியது. யார் நின்றாலும் முகம் கோணாத செடி, யார் கேட்டாலும் முகம் கோணாத பெண். அவள் தனியாக நிற்கும்போது செடி என்ன காய்க்கிறது என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நெட்டைதான் ஒரு மத்தியானம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எதுனாலும் செடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. செடியில் ஒரு மொட்டுகூட இல்லை. இலைகளையும் உள்வாங்கிக்கொண்டு, நட்டுவைத்த குச்சியைப்போல நின்றது. நெட்டை இறங்கி வந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது தண்டு முன்பைவிட இளைத்திருந்தது தெரிந்தது. அவரைக்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் மாறி மாறி, கணுவுக்குக் கணு வெடித்திருந்தது.

"இப்படியே போனா இது செத்துரும்டி" என்றாள் நெட்டை.

தெரியும் என்றாள் எதுனாலும். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். படிப்பு முடியப் போகிறது. முடிந்ததும் என்னோடு வந்து இருந்துவிடு என்று அம்மா கேட்டாள், சரி என்றாள். அடுத்த வாரம் அப்பா அதையே கேட்டார். அவரிடமும் சரி என்றாள். அம்மா அவளுக்காகச் சிறிய அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்திருந்தாள். அப்பா புதுக் கட்டில் வாங்கிப்போட்டு, கதவு இடிக்காத மூலையாகப் பார்த்து அதை மூன்று முறை நகர்த்தியிருந்தார். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் இதுவரை வெளியே வரவில்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். உனக்கு எங்கே போக ஆசை என்று நெட்டை கேட்டாள். எதுனாலும் வாயைத் திறந்தாள். வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கினாள். மிச்சம் ஒன்றும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது என்றாள். நெட்டை தோழியின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். உயர வித்தியாசத்தால் அது கிட்டத்தட்ட விலாவில்தான் வந்து சேர்ந்தது.

வருடக் கடைசியில் பெற்றோர் வந்து தோட்டத்தைப் பார்க்கட்டும் என்று வார்டன் ஏற்பாடு செய்தாள்; ஆரம்பத்திலிருந்தே அது தன் யோசனைதான் என்று இப்போது நம்பத் தொடங்கியிருந்தாள். அம்மா காலையிலேயே வந்துவிட்டாள், மகளின் சாமான்களை ஏற்றிப்போக வண்டி பேசி. அப்பா சற்றுப் பொறுத்து வந்தார், அவரும் ஒரு வண்டி பேசி. இரண்டு வண்டிக்காரர்களும் வாசலில் இடத்துக்குச் சண்டை போட்டதில்தான் குட்டு உடைந்தது. அம்மாவும் அப்பாவும் பல வருடத்துக்குப் பின் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், கடைசிப் பாத்தியின் இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். அவளை நான் கூட்டிப்போகிறேன் என்றாள் அம்மா. எனக்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றார் அப்பா. குரல் ஏறியது. சுற்றி நின்றவர்கள் தக்காளியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தார்கள்.

அப்போது செடி காய்க்கத் தொடங்கியது. இருவர் இரண்டு பக்கம் நின்றால் ஆளுக்கொரு காயாகப் பிரிந்து தவிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். இருவருமே நினைத்தது ஒன்றைத்தான்: மகளுக்குப் பிடித்தது. அம்மா பக்கம் பாகற்காய். அப்பா பக்கமும் பாகற்காய். சண்டை முற்ற முற்றக் காய் கூடியது. கிளை கொள்ளாமல் தண்டிலும் காய்த்தது, காயின் காம்பிலிருந்து இன்னொரு காய் இறங்கியது. செடி இருபுறமும் வளைந்து, வெடித்த கணுக்களில் நார் தெரிய, மண்ணைத் தொட்டது. எதுனாலும் ஓடிப்போய்த் தண்டை இரண்டு கையாலும் தாங்கினாள். கனம் தாளவில்லை.

நீயே சொல்லு, உனக்கு என்ன வேணும் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தண்டு அவள் கைக்குள் கிறீச்சிட்டது.

"எனக்குப் பாகற்காய் பிடிக்காது" என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள், இந்த முறை அழுதுகொண்டே. சின்ன வயதில் ஒருநாள் ராத்திரி, இதே மாதிரி இருவரும் தட்டுகளுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தீர்கள். காய் கசக்கிறது என்று அப்பா சொன்னதில் தொடங்கிய சண்டை. நான் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, நல்லா இருக்கு, இன்னும் வேண்டும் என்றேன். சண்டை நின்றது. ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவ்வளவுதான். அந்த மாதமே அப்பா போய்விட்டார் என்றாலும், அன்று ராத்திரி நின்றதே, அதனால் தின்றுகொண்டே இருந்தேன்.

அப்பா பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். லிப்டின் கயிறு அறுந்ததைப் பார்த்தவர், அப்போதுகூட இப்படி உட்கார்ந்ததில்லை. "எனக்கும் பிடிக்காதும்மா" என்றார். "நீ வர்றப்ப கூட உக்காந்து சாப்பிடணுமேன்னு தின்னேன்."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளிடம், நான் என்றைக்கு அதைத் தின்றேன், உன் தட்டில்தானே தள்ளுவேன் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. ஒருவருக்குமே பிடிக்காத ஒரு காயை இரண்டு வீட்டில் மூன்று பேர் இத்தனை வருடம் அன்புக்காகச் சமைத்தும் தின்றும் வந்திருக்கிறார்கள். பாகற்காய்கள் ஒவ்வொன்றாகக் காம்பு விட்டு உதிர்ந்தன. யாரும் கேட்காமலேயே மாஸ்டர் கூடையை எடுத்துவந்து பொறுக்கினார். அவருக்குப் பாகற்காய் பிடிக்கும்.

இரண்டு வண்டிகளும் காலியாகத் திரும்பின. எங்கே இருக்கப்போகிறேன் என்று இப்போது தெரியவில்லை, தெரிந்ததும் சொல்கிறேன் என்று அவள் சொன்னதை இருவரும் கேட்டுக்கொண்டார்கள். வருத்தம் இருவருக்கும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சில நாள் கழித்து அப்பா போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வா, என்ன சமைக்கட்டும் என்று கேட்டார். எதுனாலும் என்று தொடங்கி நிறுத்திவிட்டு, தெரியலப்பா, யோசிக்கணும் என்றாள். சரி, யோசி என்றார். போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் லிப்ட் மேலே போகும் சத்தமும், வெகுநேரம் கழித்து இறங்கி வரும் சத்தமும் கேட்டன.

அவளும் நெட்டையும் விடுதிக்கு எதிர்த்தெருவில் ஒரு அறை எடுத்தார்கள். கட்டிலை அவள்தான் முதலில் தேர்ந்தெடுத்தாள். செடி அந்தக் கோடை முழுவதும் மொட்டையாக நின்றது. யார் போய் நின்றாலும் அசையவில்லை. பிடுங்கிவிடலாமா என்றுகூட வார்டன் கேட்டாள். அவள் தினம் வந்து ஒரு வாளி ஊற்றினாள். மழை தொடங்கிய வாரம், அவள் எதிரே நிற்கும்போது ஒரு காய் வைத்தது: நெல்லிக்காய் அளவு, ஊதா நிறம், மேலெல்லாம் மெல்லிய பூனைமுடி. யாரும் பார்த்ததில்லை. அவள் பறித்து, துடைத்து, பாதியைக் கடித்தாள். பல் கூசும் புளிப்பு, அடியில் ஒரு காரம். கண்ணை மூடி மென்றாள். உப்பு தொட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கு, வேறு யாருக்காகவும் அல்ல. மாஸ்டரிடம் போய் உப்பு கேட்டாள். அவர் உப்புச் சாடியையே தூக்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் காய் கூடியதும் நெட்டை ஒன்றைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள், நாய்கூடத் தின்னாது என்றாள். அம்மா ஒரு கடியோடு வைத்துவிட்டாள். அப்பா மட்டும் இரண்டாவது கேட்டார். உண்மையாகவா என்று அவள் மிரட்டிக் கேட்டதற்கு, உண்மையாகத்தான் என்றார். நெட்டை அதன்பிறகும் அதே அறையில்தான் இருந்தாள். அடுத்தடுத்து வந்த மாணவிகள் அந்தக் காய்க்கு எதுனாலும் காய் என்றே பேர் வைத்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் வாரம் ஒருநாள் போட்டார்கள், பாதிப் பேர் தின்றார்கள், பாதிப் பேர் ஒதுக்கினார்கள். கடைசிப் பாத்தியில் பிறகு அந்த ஒரு காய் மட்டுமே காய்த்தது. கத்தரிக்காய் வேண்டியவர்கள் பக்கத்துப் பாத்திக்குப் போனார்கள்.