சிப்பிப் பொத்தான்

அப்பாவின் வலது கை கோட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. இடது கை எப்படியோ போய்விட்டது. வலது முழங்கைதான் விறைத்துக்கொண்டு நின்றது. எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, "கையை ஆட்டாம நில்லுங்க" என்று அதட்டிய தையல்காரர், தன் முறை வந்தபோது கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை.

"பின்னாடி தையலைப் பிரிச்சுட்டா ஈஸியா போயிடும்ணா" என்றாள் தங்கை.

"அவர் தைச்சதை நாம பிரிக்கிறதா? நீ தோளைத் தூக்கிப் பிடி."

தூக்கிப் பிடித்தாள். மகன் மூச்சு வாங்க, துணியை அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தான். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவன், இன்னும் காலணியைக்கூடக் கழற்றவில்லை. அறைக் கதவைச் சாத்தியிருந்தும் கூடத்திலிருந்து அத்தையின் குரல் உள்ளே வந்தது. அத்தைக்குக் குசுகுசுவென்று பேசுவது என்றால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பேசுவது.

"அவ கையில எமன் உக்காந்திருந்தான். அந்தக் கைதான் என் தம்பியைக் கொண்டுபோயிடுச்சு."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கவா?"

"கேக்காதே."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அம்மாவை விட்டுடுண்ணா."

"பாஸ்டர் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கார். நடந்ததைப் பேசுவேன். அதுல என்ன தப்பு?"

நடந்தது இதுதான். அப்பாவின் இருதயத்தில் அடைப்பு. ஆப்பரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். கப்பலில் இன்ஜின் பார்க்கும் மகன், எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்றபடி அந்த டாக்டரிடம் போனில் பேசி நாள் குறித்தான். ஆனால் அந்த வீட்டில் டாக்டருக்கு மேலே ஒரு பை இருந்தது.

கோட்டுக்கு உள்ளே வைக்கிற வழுவழுப்பான துணியில் தைத்த கையகலப் பை. அதற்குள் ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பெரிய காரியம் எது வந்தாலும் அப்பா இரண்டையும் உள்ளே போட்டு, வாயைச் சுருக்கி அம்மாவிடம் கொடுப்பார். எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். அம்மா ஜெபம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செய், கறுப்பு வந்தால் வேண்டாம். வாடகை வீடு மாறியது, தங்கையின் கல்யாணம், மகன் கப்பலுக்குப் போனது எல்லாம் அந்தப் பை சொன்னபடிதான். போதகருக்கும் விஷயம் அரசல்புரசலாகத் தெரியும். தெரியாதவர்போல் இருந்துகொள்வார்.

ஆப்பரேஷனுக்கு வந்தது கறுப்பு. "கர்த்தர் சித்தம்" என்றாள் அம்மா. அப்பா ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மகன் போனில் கத்தினான். "எல்லாத்தையும் கர்த்தரே முடிவு பண்ணி வெச்சிருக்கார்னா அப்புறம் பை எதுக்கு, டாக்டர் எதுக்கு, நீதான் எதுக்கு? உன் கைக்கு வந்ததை அவர் தலையில கட்டுறியா?" அம்மா போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். நேற்றுக் காலையில் அப்பா தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே கவிழ்ந்துவிட்டார்.

அந்தக் கோபம் மகனுக்கு இன்னும் ஆறவில்லை. போதகர் எப்படியும் சித்தம் சித்தம் என்பார். சபை தலையாட்டும். ஒருத்தராவது எழுந்து, இது சித்தமில்லை, ஒரு பெண்பிள்ளையின் பிடிவாதம் என்று சொல்ல வேண்டாமா? அம்மா கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றுதான் அவன் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தான்.

கோட்டு ஒருவழியாக ஏறியது. பொத்தான் போடப் போனபோது நடுப்பொத்தான் இல்லை.

"அப்பா கோட்டுல பட்டன் இல்லையா?" தங்கைக்கே நம்ப முடியவில்லை. "மெஷின் டிராயர்ல பாருண்ணா. பொருத்தமா ஏதாவது கிடக்கும்."

அவன் குனிந்து பார்த்தான். அறுந்து விழுந்திருந்தால் நூல் பிசிர் பிசிராகத் தொங்கும். இங்கே கத்திரியால் ஒட்ட நறுக்கியிருந்தது.

மெஷின் அடுத்த அறையில் இருந்தது. டிராயரில் நூல்கண்டுகளுக்கும் சாக்கட்டிகளுக்கும் அடியில் அந்தப் பை கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தான்.

இரண்டும் கறுப்பு.

ஒன்றின் துளைகளில் கறுப்பு நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. டிராயரை முழுக்க இழுத்துத் துழாவினான். வெள்ளைப் பொத்தான் மூலையில் தனியாகக் கிடந்தது.

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். பையில் பொத்தான்களைப் போடுவது அப்பா. கத்திரி பிடிப்பது அப்பா. இந்த வீட்டில் அப்பாவின் கோட்டை அவரைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். அம்மா எதை எடுத்திருந்தாலும் கறுப்புதான் வந்திருக்கும். ஆப்பரேஷன் வேண்டாம் என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டு, அதைக் கர்த்தர் வாயால் சொல்ல வைத்திருக்கிறார்.

வழியெல்லாம் கோத்து வந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. யாரைத் திட்டுவது? செத்தவரையா? உண்மையைச் சொன்னால் அம்மாவின் கை சுத்தம் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் கட்டின புருஷன் ஜெபத்தின் நடுவில் தன்னை ஏமாற்றினார் என்று அம்மாவுக்கும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் அத்தையின் வாய்க்கு அம்மா ஆயுசு முழுக்க அவலாக வேண்டும்.

"கிடைச்சுதா?" என்று தங்கை குரல் கொடுத்தாள்.

நூல் ஒட்டிய பொத்தானைக் கொண்டுபோய்க் கொடுத்தான். "அதே பட்டன் மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அவள் தைத்தாள்.

பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் இன்னும் அழவில்லை என்பதை அத்தை எல்லோருக்கும் கண்ஜாடையில் காட்டிக்கொண்டிருந்தாள். வலது கையை இடது கைக்கு அடியில் வைத்து மடியில் அமுக்கியிருந்தாள் அம்மா.

பாட்டு முடிந்தது. போதகர் தொண்டையைச் செருமினார். "நம்ம கையில என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. இந்த நாளையும் இந்த நேரத்தையும் அவர் எப்பவோ குறிச்சு வெச்சுட்டார். ஏன் எதுக்குன்னு கேள்வி கேக்க நாம யாரு?"

"கேக்கத்தான் பிள்ளை வந்திருக்கான்" என்றாள் அத்தை. "சொல்லுடா. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

போதகர் வேறு வழியில்லாமல் மகனைப் பார்த்துத் தலையசைத்தார். தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகன் எழுந்தான். கால்சட்டைப் பைக்குள் மற்றொரு கறுப்புப் பொத்தான் விரலில் உருண்டது. அம்மா தலையைத் தூக்காமல், அடி வாங்கத் தயாரானவள்போல் தோளைக் குறுக்கினாள்.

"அப்பா எங்கிட்ட போன்ல சொன்னார்" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "உங்கம்மா வெள்ளையே எடுத்தாலும் நான் ஆப்பரேஷனுக்குப் போக மாட்டேன்டா, எனக்கு இஷ்டமில்லன்னார். அது அவரா எடுத்த முடிவு. அம்மா கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இனிமே யாரும் அதைப் பத்திப் பேச வேண்டாம்."

உட்கார்ந்துவிட்டான். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் குறித்து வைத்தபடி என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்த போதகர், இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் அவசரமாக முடிவு ஜெபத்துக்குப் போனார்.

கடைசியாக முகம் பார்க்க ஆட்கள் வரிசையாக வந்து நகர்ந்தார்கள். அம்மா எழுந்து அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். மகன் பக்கத்தில் போய் நின்றான்.

"எப்போ போன்ல சொன்னார்?" என்று அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"போன மாசம்."

"உங்கப்பாவுக்கு போன்ல ஹலோவுக்கு மேல வராது." காலரை இன்னொரு தடவை நீவினாள். "டிராயரைப் பாத்தியா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"வெள்ளை சிப்பியில செஞ்சது. தொட்டா குளிரும். கறுப்பு பிளாஸ்டிக். நான் கண்ணைத்தானேடா மூடுறேன், விரலையா மூடுறேன்?"

வரிசையில் வந்த ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துத் தேற்றிவிட்டு நகர்ந்தார்.

"ஆரம்பத்துல அந்த வித்தியாசம் எனக்கும் தெரியாது" என்றாள். "தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி எடுக்க முடியல. அன்னைக்கு வெள்ளையைத் தேடித்தான் கையை விட்டேன். ரெண்டையும் தடவினேன். குளிரவே இல்ல. அப்பத்தான் இந்த மனுஷனுக்கு எவ்வளவு பயம்னு எனக்கு உறைச்சுது. நெஞ்சைப் பிளக்கப் போறாங்கன்னதும் நடுங்கிப்போயிட்டார். வாயைத் திறந்து சொல்ல வெக்கம். என் விரலுக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அவர் சொல்லிட்டார், எனக்குக் கேட்டுடுச்சு."

"அந்த இடத்துலயே பையைக் கொட்டிக் காட்டியிருக்கலாமேம்மா."

"காட்டியிருக்கலாம்" என்றாள். "கழுத்தைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். செய்யல. சித்தம்னு சொல்லிட்டு எழுந்துட்டேன். உன் அத்தை சொல்றதும் ஒண்ணும் பொய்யில்ல."

அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கேட்கக் கூடாது என்று நினைத்தான், ஆனாலும் கேட்டான். "நான் கப்பலுக்குப் போகலாமான்னு எடுத்த தடவை?"

அம்மா முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு ரெண்டும் இருந்துச்சு. கறுப்பைத்தான் முதல்ல பிடிச்சேன். ரொம்ப நேரம் பிடிச்சிருந்தேன்."

அந்த ஜெபம் நீண்டுகொண்டே போனதும், முழங்கால் வலித்து அவன் அப்பாவைப் பார்த்துக் கண் சிமிட்டியதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. கர்த்தரே அனுப்பினார் என்ற தைரியத்தில்தான் அவன் அத்தனை கடலும் தாண்டியிருந்தான்.

"அப்போ கர்த்தர்?" என்றான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. நீ நடுவுல வராதே."

வரிசை தீர்ந்துவிட்டது. பெட்டி கொண்டுவந்த ஆட்கள் இருவர், மூடியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "மூடலாங்களா?" என்றார் பெரியவர்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு."

அவன் அப்பாவைப் பார்த்தான். மூடியின் பாரம் தாங்காமல் பெரியவர் அதைத் தன் தொடைமேல் சாய்த்துக்கொண்டார். யாரோ இருமினார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றான்.

அவர்கள் மூடியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். கல்லறைக்குப் போக வாசலில் நின்ற வண்டியின் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை டிரைவர் நிறுத்தினார்.