ஹோம்ஸுக்கு மூன்றாம் இடம்

தரணீதரன் எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பும்வரை பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஒரு டம்ளருக்கு மட்டும் காய்ச்சினான். முதலில் கொஞ்ச நாள் இரண்டு டம்ளருக்குக் காய்ச்சி ஒன்றைக் கொட்டிக்கொண்டிருந்தான். இப்போது கை பழகிவிட்டது. சட்டையைத் தேய்த்துப் போட்டான். மெஸ் இட்லியைப் பிரித்துத் தின்றான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

அவன் மனைவி தேவிப்பிரியா போய் ஐந்து மாதம். அவிநாசி ரோட்டில், வேலைக்குப் போகும் வழியில், டிப்பர் லாரி ஒன்று. "கடைசியா என்ன சொன்னா, கண்ணு?" என்று வந்த சொந்தமெல்லாம் கேட்டது. "போயிட்டு வர்றேன்னு சொன்னா" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவன். காலை டீக்கு ஸ்டோர் ரூமில் நான்கு பேர் கூடுவது பழைய வழக்கம்: அவன், பிரிண்டிங் பார்க்கும் அஃப்சல், கட்டிங் மாஸ்டர் தண்டாயுதபாணி, ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த தேவிப்பிரியா. வெளிநாட்டு பாக்ஸிங் கிளப் ஒன்றுக்கு டி-ஷர்ட் போட்ட வருஷம் நால்வரையும் பிடித்த பைத்தியம் அப்புறம் விடவே இல்லை. ஸ்டோர் ரூம் இரும்புக் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் ஐந்து பெயர்கள்: அலி, ஜோ லூயிஸ், ஹோம்ஸ், ஃபோர்மன், மார்சியானோ. எல்லாக் காலத்துக்குமான ஹெவிவெயிட் சாம்பியன்கள். ஒருவரை மாற்ற வேண்டுமானால் வாதாடி ஜெயிக்க வேண்டும். மூன்றாவது பெயரை எழுதியவள் தேவிப்பிரியா. அதை அழிக்கச் சொல்லி வருஷக்கணக்கில் அவளோடு மல்லுக்கட்டியவன் தரணீதரன்தான்.

அவள் போனபின் அந்தப் பக்கம் அவன் தலைகாட்டவில்லை. இன்று அஃப்சல் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

"மாப்ள, இப்பத்த சாம்பியன் உசிக் லிஸ்ட்டுக்குள்ள வரணும். ஃப்யூரிய ரெண்டு தடவ ஜெயிச்சுட்டான். ஹெவிவெயிட்ல இன்னும் எவன்கிட்டயும் தோக்கல."

"வரட்டும்."

"அப்ப ஒருத்தர் வெளிய போகணுமில்ல?" அஃப்சல் ஈரத்துணியை எடுத்தான். "ஹோம்ஸ்தான். வயசான அலிய அடிச்சுப் பேர் வாங்குன ஆளுன்னு நீதான சொல்லுவ? அவருக்காகப் பேச இப்ப..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆளில்லைங்கறியா?"

"அப்படிச் சொல்லல மாப்ள."

"அப்படித்தான் சொன்ன. துணியக் கீழ வை."

மாஸ்டர் டீயை ஊதிக்கொண்டே பார்த்தார். "ஏனுங்க தம்பி, நீங்க எப்ப ஹோம்ஸ் கட்சிக்கு மாறுனீங்க?"

"இப்பத்தானுங்க."

"சும்மா மாற முடியாதுங்க. காரணம் சொல்லோணும். அந்தப் பொண்ணு போட்ட சட்டம்தான்."

"அலிக்கு அடுத்து வந்ததுதான் அவர் செஞ்ச ஒரே தப்பு. ஏழு வருஷம் பட்டத்தக் கைல வெச்சிருந்தாரு. ஒருத்தரும் கைதட்டல."

"ஷேவர்ஸ் ஒரே குத்துல அவர மல்லாத்தினானே, அது?" என்றான் அஃப்சல். "அந்தச் சண்டைய நீ முழுசாப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. விபத்து நடந்த அன்று காலை இட்லித் தட்டோடு அவனும் தேவிப்பிரியாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை இறங்கியது. ஹோம்ஸ் சாய்ந்தார். அவளுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. மீதியைச் சாயங்காலம் பார்க்கலாமென்று நிறுத்தினான். ஐந்து மாதமாக அவன் போனில் ஹோம்ஸ் தரையிலேயே கிடக்கிறார்.

"அன்னைக்குக் காலைல அவளும் நானும் பாதியில நிறுத்துனோம். மீதிய இப்பப் பாக்கறேன்."

போனைத் துணி ரோல் மேல் சாய்த்து வைத்தான். அழுத்தினான்.

ஹோம்ஸ் எழுந்தார். கால் தள்ளாடியது. ஷேவர்ஸ் விடாமல் மேலே விழுந்து அடித்தார். மணி அடிக்கும்வரை ஹோம்ஸ் எப்படியோ தாக்குப்பிடித்தார். வெளியே டீ நேரம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கின, மூவரும் நகரவில்லை. எட்டாவது ரவுண்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் ஷேவர்ஸுக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது. நடுவர் குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தினார்.

தரணீதரன் ஈரத்துணியை எடுத்து ஐந்தாவது பெயரைத் துடைத்தான்.

"டேய், மார்சியானோ உன் ஆளுடா! நாப்பத்தொம்பது சண்டை, ஒண்ணுகூடத் தோக்கல!"

"தோக்காததெல்லாம் பெட்டில மேலடுக்குல வெக்கற நல்ல பீஸ் மாதிரி. செக்கிங்ல யாராச்சும் மேலிருந்து பீஸ் எடுப்பாங்களா? அடியில கைய விட்டுத்தான் எடுக்கணும். ரொம்ப மோசமான நாள்ல ஒருத்தன் என்ன செஞ்சான்னு பாக்கணும்."

அவள் அவனிடம் சொல்லிச் சொல்லித் தோற்ற வாதம்.

"மார்சியானோவும் வால்காட்கிட்ட விழுந்து எந்திரிச்சு ஜெயிச்சவருதானுங்க" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"தெரியுமுங்க. யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்னா என் ஆளு போகட்டும். மூணாவது இடத்துல எவனும் கை வைக்கக் கூடாது. நானும்தான்."

அஃப்சல் சாக்கட்டியை எடுத்து நீட்டினான். தரணீதரன் கடைசி இடத்தில் உசிக்கின் பெயரை எழுதினான். மூன்றாவது பெயர் மங்கியிருந்தது. அதன் மேல் அவன் எழுதவில்லை. அது அவள் கையெழுத்து.

"அன்னைக்குப் பாதியில நிறுத்துனப்ப அந்தப் பொண்ணு சும்மாவா போச்சு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இல்லீங்க."

அன்று காலை, உன் ஆளு கதை முடிஞ்சுதென்று அவன் சிரித்தான். அவள் வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவள் அப்போது சொன்னதை, இதுவரை யாரிடமும் சொல்லாததை, இப்போது இவர்களிடம் சொன்னான்.

"எந்திரிச்சுக்குவாருங்க. சாயங்காலம் வந்து உங்களக் கவனிச்சுக்கறேன், இருங்க."