தோல் கழுவிய உளுந்து

சாத்தான்குளத்திலிருந்து மாமனார் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உடைத்த கருப்பு உளுந்து முழுவதையும் ஜீவானந்தம் ஊறப்போட்டு, தேய்த்து, அலசி, ஒரு பொட்டுக் கருப்பு இல்லாமல் வெள்ளைவெளேரென்று ஆக்கி வைத்திருந்தான். வார விடுமுறையின் காலைப்பொழுது அதற்கே போனது. ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதையும் தூக்கி வைத்துத்தான் பழக்கம், கழுவிப் பழக்கமில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தோலெல்லாம் கொல்லைச் சாக்கடையில் கருப்பாக அடைத்துக்கொண்டு நின்றபோதுகூட, குச்சியால் குத்திவிட்டு, "போ, போ" என்று மரியாதையாக வழியனுப்பினான்.

முதல் ஷிப்ட் முடிந்து, வடக்குப்பட்டு முனையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவன் மனைவி பாண்டிச்செல்வி குண்டானை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உளுந்தஞ்சோறுக்கு ரெடி பண்ணி வெச்சிக்கிறேன். உனக்குத்தான்."

"தோலு எங்க?"

"கழுவி வுட்டுட்டேன். ஒரே அழுக்கு. உங்கப்பா கடைக்காரன்கிட்ட நல்லா ஏமாந்துட்டாரு செல்வி."

அவள் ஈர உளுந்தை ஒரு கை அள்ளி, திரும்பக் குண்டானிலேயே விட்டாள். "அந்தத் தோலோட வேக வச்சாத்தாங்க உளுந்தஞ்சோறு." கையை உதறிவிட்டு, "பரவாயில்ல, விடுங்க" என்றாள்.

ஜீவானந்தம் பயந்தது அந்தப் 'பரவாயில்ல'வுக்குத்தான். அவன் அம்மா முனியம்மாளுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அதனால் தன் நிலை என்ன என்று அவனுக்கும் தெரிந்துவிடும். செல்வியிடம் அது நடக்காது. போன வாரம், தூத்துக்குடிப் பக்கம் புதிதாக வருகிற ஒரு கம்பெனியில் தன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னாள். "போப்போறியா?" என்று கேட்டான். "பாப்போம்" என்றாள். "எனக்கு வேற பொண்ணு பாத்துக் குடுத்துட்டுப் போ" என்றான். சிரித்தாள். சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது? கடைசியில் அவனே வைத்தியனாகி, ஊர் ஏக்கம் என்று கண்டுபிடித்தான். செல்வி ஊரிலிருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் முதலில் கேட்பது, "இன்னைக்கு என்ன சோறு?" என்பதுதான். அந்த ஊர்ச் சோற்றை இங்கேயே பொங்கிப் போட்டுவிட்டால்? ஒரு குண்டான் சோற்றால் ஒரு கம்பெனியைத் தோற்கடிக்கக் கிளம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று, உளுந்தைத் தேய்க்கும்போதே அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

குன்றத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த முனியம்மாள் குண்டானைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடா இது, இட்லிக்கு ஊறப்போட்டா மாதிரி கீது! இத்தினி வருசத்துல எனக்கு ஒரு நாளு கழுவிக் குடுத்துக்கிறியா? பொண்டாட்டின்னதும் கை நீளுது பாரு."

உளுந்தை அப்படியே கிரைண்டருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வடை தட்டப் போகிறாளாம்.

செல்வி சீருடைகூட மாற்றாமல் வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அவன் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கருப்பு உளுந்து.

"பின்தெருல எங்க ஊரு இசக்கி அண்ணன் ரூம்ல எப்பவும் கெடக்கும்" என்றாள்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவனுக்குப் பின்தெருவில் உளுந்து இருப்பது தெரியாது. வந்து சேர்ந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. சமையற்கட்டு வாசலில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்தான். விடியற்காலையிலிருந்து செல்போன் கம்பெனி லைனில் நின்ற கால்கள். வெறும் சட்டியில் உளுந்தை வறுத்தாள். எப்போது இறக்க வேண்டும் என்று கண்ணால் பார்க்கவில்லை, மூக்கு சொன்னது. அரிசி, உரித்த பூண்டு, வெந்தயம், சீரகம், துருவிய தேங்காய் எல்லாம் கைக்கு வந்தபடி விழுந்தன, எதுவும் கூடவில்லை, குறையவில்லை. தண்ணீருக்கு மட்டும் விரலை நட்டுப் பார்த்தாள். நாள் முழுக்கச் சட்டியும் பூண்டுமாகவே இருந்தவள்போல அவ்வளவு நிதானம். அவனுக்குத் தன் வெள்ளை உளுந்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் மூவரும் உட்கார்ந்தார்கள். எள்ளுத் துவையல், நல்லெண்ணெய், நடுவில் சூடான சோறு.

"இன்னாம்மா, எறும்பு வுழுந்தா மாதிரி கீது?" என்று முனியம்மாள் ஒரு வாய் எடுத்தாள். உடனே தட்டை மறுபடி நீட்டினாள்.

ஜீவானந்தம் தன் வைத்தியம் பலித்ததா என்று சோதித்தான். "ஊரு சோறு இங்கியே வந்துடுச்சு. இனிமே இன்னாத்துக்குத் தூத்துக்குடி?"

செல்வி கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"சோத்துக்காகவா போணும்ங்கேன்னு நினைக்கீய?"

"பின்ன?"

"அங்க லைன் லீடர் வேலங்க. இங்க சேந்ததுல இருந்து ஆபரேட்டர்தான். நான் வேல சொல்லிக் குடுத்த பிள்ளையளே எனக்கு மேல போயிட்டாளுவ. அந்த வேலய என்னால செய்ய முடியும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்களும் வரணும்னு ஆச. கேக்கத்தான் சங்கடமா இருந்துச்சு. அத்தயயும் கூட்டிட்டு."

"நான் எங்கடி வரது? ஆடு கீது, வாடகை ரூம்பு கீது" என்றாள் முனியம்மாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க போங்க. அப்புறம் பாக்கலாம்."

ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும் என்று ஜீவானந்தம் வாயைத் திறந்தான். ஒரு வருடம் அவன் வீட்டுச் சோற்றை முகம் சுளிக்காமல் தின்றவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு வாரம் சேர்ந்தாற்போல் எங்கும் தங்கியிராத, அம்மா காய்ச்சும் கூழிலேயே வளர்ந்த அவனுக்கு, வயிற்றில் திடீரென்று ஒரு கேள்வி எழுந்தது.

"அங்க கூழு கெடைக்குமா?" என்றான். சின்னக் குரலாக வந்தது.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பரவாயில்ல என்றும் சொல்லவில்லை.

"அத்த காய்ச்சுத மாதிரி கெடைக்காது" என்றாள். "நாமதான் காய்ச்சிப் பழகணும்."

சொல்லிவிட்டு அவன் சோற்றில் எண்ணெயை ஊற்றினாள். அது கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வழி கண்டுபிடித்து, மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.