மாலைத் தாளின் எண்கள்

1

லிஃப்ட் மெக்கானிக் படியில் ஓடிக்கொண்டிருந்தார். மணி எட்டு ஐம்பத்தேழு. மருத்துவமனையின் நான்காவது மாடியில் சரியாக ஒன்பதுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பின்னால் மூச்சிரைக்க நான்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு நீங்க படியில ஓடுறீங்களே மாப்ளே!"

"பேசாம ஏறுங்க மச்சான். எனக்கு மனசுதான் கனம். உங்களுக்குத் தொப்பை."

(இந்த இடத்தில் ஒரு துப்பாக்கி வெடித்திருந்தது. துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவனின் பழக்கதோஷம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் தங்கை வீட்டுக் கதை. ஆறு மாதம் முன்பு அவள் கணவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் கூண்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். அதன்பின் லிஃப்டைக் கண்டாலே நெஞ்சு படபடத்தது. போகப்போகப் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகிவிட்டது. சோகத்தின் இருண்ட குகையில் அவர் —

வேண்டாம். பல் தேய்க்கவில்லை. அவ்வளவுதான்.

டாக்டர் பகல்நேரச் சிகிச்சையில் சேர்த்தார். நான்கு வாரம். ஒன்பதிலிருந்து மூன்று வரை மருத்துவமனை: பேச்சு, பயிற்சி, மாத்திரை. பிறகு வீடு.

அடிக்குறிப்பு: "பாதி நாள்ல என்ன குணமாகும்?" என்று நானும் கேட்டேன். "மீதிப் பாதிதான் சார் பரீட்சையே. இங்க வந்த தைரியம் வீட்டுல நிக்குதான்னு பார்க்கணும்ல?" என்றார் சிஸ்டர். அதற்குத்தான் மாலைத் தாள். தினமும் சாயங்காலம் குடியிருப்பு லிஃப்டுக்குள் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பயம் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும்.

3

பகல் பாதி பலித்தது. பல் தேய்க்கிறார், கேலி பேசுகிறார். மாலைத் தாளிலும் முதல் வாரம் ஒன்பது, அடுத்து ஏழு, ஐந்து, இரண்டு. தங்கை அதைப் பார்த்து அழுதாள். "திங்கக்கிழமை வந்துடுவார்" என்று கம்பெனிக்குப் போனும் செய்துவிட்டாள்.

இன்று கடைசி வெள்ளி. மூன்று மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டால், திங்களன்று அவர் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்க வேண்டும். அங்கே கை நடுங்கினால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

மதியம் சிஸ்டர் எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பினார்.

"நல்லா ஆகுறவங்களுக்கும் ஒருநாள் நாலு இருக்கும், மறுநாள் எட்டுக்கு ஏறும் அண்ணே. உங்களுக்கு ஒருநாள்கூட ஏறலையே? நிஜமா நீங்கதான் போட்டீங்களா?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சிஸ்டர்."

4

மணி இரண்டு நாற்பது. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முடிவு ஒன்று: அவர் லிஃப்டில் இறங்கி வருகிறார். தங்கை ஓடி வருகிறாள். வாசகர் கடிதங்கள் குவியும்.

முடிவு இரண்டு: இன்னும் இரண்டு வாரம் சிகிச்சை. வேலை போனாலும் போகலாம். ஆள் இருப்பார். ஆனால் இதற்கு ஒருவர் எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினாரா என்பதை உங்களிடமே விடுகிறேன். அதற்குமுன், முதல் வரியிலிருந்து நான் மறைத்துவந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

ஒரு மாலைகூட அவர் லிஃப்டுக்குள் கால் வைக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீங்களே ஏதாவது போட்டுடுங்க மச்சான்" என்பார்.

போட்டேன். வாரா வாரம் எவ்வளவு இறங்கினால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அத்தனை எண்ணும் என் கற்பனை.